பூங்கா சீரமைப்புத் திருப்பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

குடியிருப்போர் நலச் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் பூங்காவின் சீரமைப்புப் பணி முடிந்துவிட்டது. மாநகராட்சிப் பொறியாளர் வந்து அளவெடுத்து, எம்-புக்கில் (முடிந்த வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்) கையெழுத்தும் ஆகிவிட்டது. ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மதிப்பீட்டுத் தொகையில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும் என்பதால், நம் தெருக்களில் பலர் தங்களால் இயன்றதைக் கொடுத்தீர்கள். அந்த வரவு செலவு விவரம் பில்களோடு தனியே உங்கள் பார்வைக்கு வருகிறது. இங்கே சொல்ல வருவது, வரைபடத்தைப் பார்த்து நீங்கள் சொன்ன கருத்துகளில் எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்பதே.

முதலில் வந்த வரைபடத்தில் சுற்றிலும் வண்ண டைல்ஸ் நடைபாதை, நடுவில் சிமெண்ட் மேடை, ஓரத்தில் ஒரு நீரூற்று, மீதி இடத்தில் கொரியன் புல் என்று இருந்தது. அதைப் பெரிதாக அச்சிட்டுப் பூங்கா வாசலில் ஒட்டினோம். வீடு வீடாகவும் போய்க் கேட்டோம். சங்க உறுப்பினர்களை மட்டும் கேட்டால் போதும் என்று சிலர் சொன்னார்கள். குழு அதை ஏற்கவில்லை. பூங்காவில் அதிக நேரம் இருப்பவர்களில் பலர் நம் சங்கத்தில் இல்லை. இஸ்திரி வண்டிக்காரர், டெலிவரி தம்பிகள், வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் எல்லாரையும் கேட்டோம்.

கேட்டதனால்தான் மிக முக்கியமான மாற்றம் வந்தது. “காலைல நாலு வீடு முடிச்சிட்டு வர்றேங்க. சாயங்கால வீட்டுக்கு நாலு மணிக்குத்தான் போகணும். நடுவுல கேட்டைப் பூட்டிட்டா நாங்க எங்க உக்கார்றது?” என்று ஒரு அக்கா கேட்டார். நடைப்பயிற்சிக்கு வருபவர்களில் ஒருவருக்கும் இது தோன்றியதில்லை. காவலர் சாப்பிடும் நேரத்துக்கு மாற்றாள் ஏற்பாடு செய்து, இப்போது பகல் முழுதும் வாசல் திறந்திருக்கிறது. குடிநீர்க் குழாயும் கழிப்பறையும் அந்த நேரத்தில் பூட்டப்படுவதில்லை. இந்தத் திருப்பணியில் குழுவுக்கு அதிக நிறைவு தந்தது இதுதான்.

வயதானவர்கள் சொன்னது வேறு. வேலை என்று மூடினால் எப்போது திறப்பார்களோ என்ற பயம். அது வீண் பயம் என்று சொல்லிவிட முடியாது. மெட்ரோ பணிக்காக 2011-இல் மூடிய செனாய் நகர் திரு.வி.க. பூங்கா மீண்டும் திறக்க 2023 ஆகிவிட்டது. அங்கே நடை பழகிய எத்தனையோ பேர் அதற்குள் நடக்க முடியாத வயதுக்குப் போயிருப்பார்கள். நம்முடையது சின்ன வேலைதான் என்றாலும், பாதி பாதியாகப் பிரித்து, எப்போதும் ஒரு பக்கம் திறந்திருக்கும்படிதான் செய்தோம். ஒப்பந்ததாரருக்கு இதனால் சிரமம், நாளும் கூடியது. பொறுத்துக்கொண்ட அனைவருக்கும் நன்றி.

இனி மரங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது இந்தப் பூங்காவில் என்ன விழுந்தது, என்ன நின்றது என்று பார்த்தவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். பெருங்கொன்றையும் குல்மொஹரும் சாய்ந்தன. வேம்பும் புங்கனும் கிளை ஒடிந்தாலும் நின்றன. நின்றவற்றின் அடிமரத்தைச் சுற்றிப் பிறகு யாரோ சிமெண்ட் வளையம் கட்டி, தரையையும் பூசிவிட்டிருந்தார்கள். மேற்கு ஓரப் புங்கனின் வளையத்தை உளியால் மெதுவாக உடைத்தபோது உள்ளே பட்டை பிதுங்கி, கறுத்து, கை வைத்தால் பிசுபிசுத்தது. வேர் மேலே வர வழியின்றிச் சுற்றிச் சுற்றி வளையத்தின் வடிவத்திலேயே வளர்ந்திருந்தது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் சிமெண்ட் இல்லாமல் விட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் டெல்லி மரங்களுக்காக உத்தரவிட்டது. சென்னை மரத்துக்கும் வேர் அதே வேர்தான். எல்லா வளையங்களையும் எடுத்துவிட்டோம், மண்ணும் எருவும் இட்டோம். அந்தப் புங்கன் இப்போது துளிர்த்திருக்கிறது. ஒரு மரமும் வெட்டப்படவில்லை. புதிதாக வைத்தவை மகிழம், பூவரசு, இலுப்பை.

டைல்ஸ் வேண்டாம் என்று முதலில் சொன்னது முழங்கால் வலிக்காரர்கள். காலை ஈரத்தில் வழுக்கும், நடந்தால் அதிரும் என்றார்கள். குழு அதே முடிவுக்கு வேறு வழியில் வந்தது. நம் பூங்கா சுமார் பத்து கிரவுண்டு, அதாவது 24,000 சதுர அடி. ஒரே நாளில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் இதன் மேல் மட்டும் இரண்டு லட்சத்து இருபதாயிரம் லிட்டருக்கு மேல் விழும். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் கணக்குப் போட்டால் பதினெட்டு லாரித் தண்ணீர். 2019 கோடையில் இதே தெருவில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இதே தெருவில் முழங்கால் தண்ணீரில் நடந்தோம். இந்த நிலத்தை சிமெண்டால் மூடுவது எந்த வகையிலும் நியாயமாகப் படவில்லை. நடைபாதை கிராவல் போட்டுக் கெட்டித்தது. சக்கர நாற்காலி போகும் வழியில் மட்டும், இடைவெளி விட்டுப் பேவர் கல் பதித்தோம்.

நம் பக்கம் களிமண். மேலே விழும் நீர் தானாக இறங்காது. அதனால் பள்ளமான மூலையில் உறைக்கிணறு தோண்டினோம். மேஸ்திரி ஒவ்வொரு கூடையையும் கையில் பிசைந்து பார்த்துக்கொண்டே இருந்தார். சாம்பல் நிறக் களி முடிந்து, விரலிடுக்கில் உதிரும் மணல் வந்ததும்தான் “போதும் சார்” என்றார். நீரூற்றுக்கு வைத்திருந்த பணம் இதற்குப் போனது. நீரூற்றைக் குழந்தைகளுக்காக ஆசைப்பட்டுக் கேட்டவர்களுக்கு வருத்தம் இருக்கும், குழுவுக்குத் தெரியும்.

எட்டு போட்டு நடக்கும் பாதை கேட்டபடி வந்திருக்கிறது. பந்து விளையாடக் கூடாது என்ற பலகை எடுக்கப்பட்டது, மரமில்லாத கிழக்கு மூலை பிள்ளைகளுக்கு. விளக்குகள் வீடுகளின் ஜன்னலில் அடிக்காமல் கீழ்நோக்கித் திருப்பப்பட்டுள்ளன.

மூலையில் சங்கத்துக்கு ஓர் அறை கட்டலாம் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. பூங்காவுக்கென்று அறிவித்த இடத்தை அரசின் அனுமதியின்றி வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்பது 1959-ஆம் ஆண்டின் பூங்காக்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம். அனுமதி கேட்கலாமே என்றார்கள். கேட்கவே கூடாது என்பது குழுவின் ஒருமித்த கருத்து. இன்று நமக்கு ஓர் அறை என்றால் நாளை மற்றவருக்கு எப்படி மறுப்போம்?

நாய்களை அழைத்து வருவது குறித்து இருதரப்பும் இன்னும் ஒத்துவரவில்லை. அடுத்த பொதுக்குழுவில் வைக்கிறோம்.

ஒப்பந்ததாரரின் பிணைத் தொகை மாநகராட்சியிடம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் எங்காவது நீர் தேங்கினாலோ பாதை அரித்தாலோ படம் எடுத்து, இடமும் தேதியும் குறித்துக் குழுவிடம் கொடுங்கள். உறைக்கிணற்றின் வண்டல் தொட்டியை மழைக்கு முன் தூர்வார வேண்டும். புதுக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற வடக்குத் தெருவினர் முறை எடுத்துக்கொண்டார்கள். தெற்குத் தெருவிலிருந்து இன்னும் பெயர்கள் வேண்டும்.

இப்படிக்கு,
பூங்காத் திருப்பணிக் குழு