என் மூக்காக இருந்தவர்களுக்கு

அன்புடையீர்,

வைரஸ் காய்ச்சல் ஒன்று வந்து போனதும், போகும்போது என் வாசனை உணர்வையும் கையோடு கூட்டிக்கொண்டு போனதும் உங்களில் பலருக்குத் தெரியும். இப்போது அது பெரும்பாலும் திரும்பிவிட்டது. ஒவ்வொருவரையும் தேடி வந்து நன்றி சொல்லத்தான் ஆசை. ஆனால் கணக்குப் பார்த்தால் அவ்வளவு பேர் உதவியிருக்கிறீர்கள். அதனால்தான் இந்தப் பொது மடல்.

விவரம் தெரிந்த நாளிலிருந்து அடுப்படியே கதியென்று கிடந்தவள் நான். பாடம் படித்தது அடுப்படித் தரையில், பிழைப்பு விடுதிச் சமையலறையில், ஓய்வு கிடைத்தாலும் போய் நிற்பது யாராவது ஒருவர் வீட்டு அடுப்பங்கரையில். விருந்துக்குப் போனால் கூடத்தில் உட்காரச் சொல்வார்கள். பத்து நிமிடத்தில் உள்ளே போய்க் கரண்டியைப் பிடித்திருப்பேன். அப்படிப்பட்டவளுக்கு ஒருநாள் காலையில் எழுந்தால் வீட்டில் எதற்குமே வாசனை இல்லை. சோப்புக்கு இல்லை, எண்ணெய்க்கு இல்லை, தீய்ந்த ரொட்டிக்கும் இல்லை. "வாசனைதானே, கண்ணா போச்சு?" என்று ஆறுதல் சொன்னவர்களும் உண்டு. நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். அவர்களுக்கும் நன்றி சொல்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

முதல் நன்றி காது, மூக்கு, தொண்டை மருத்துவருக்கு. வரிசையில் அத்தனை பேர் காத்திருக்க, என்னை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்துக்காட்டிய உமாமி என்ற ஐந்தாவது சுவை, இறைச்சிச் சாறு மாதிரி. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு, மெல்லும்போது வாயின் பின்புறம் வழியாக மூக்குக்கு ஏறும் மணம்தான். மூக்கில் அதற்கென ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள், அதாவது மணத்தைப் பிடித்து நரம்புக்குச் சொல்லும் நுண்ணிய புரதங்கள், இருக்கின்றன. இந்த ஏற்பிகளைக் கண்டுபிடித்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் சொன்ன கடைசி வாக்கியம்தான் எனக்குத் தேவைப்பட்டது: "வாசனை நரம்பு செல்கள் மறுபடி வளரக்கூடியவை, அம்மா. நம்பிக்கையை விடாதீங்க."

அவர் சொல்லிக்கொடுத்த பயிற்சி ரொம்ப எளிது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் தாமஸ் ஹும்மெல் என்ற மருத்துவரும் அவர் குழுவும் 2009இல் வெளியிட்ட முறை. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நான்கு மணங்கள். காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை, ஒவ்வொன்றையும் சில விநாடிகள் முகர வேண்டும். அவர்கள் ஆய்வில் 12 வாரம் செய்யவைத்தார்கள். எனக்கு அதற்கு மேலும் இழுத்தது. மகள்தான் நான்கு சிறு புட்டிகளில் பஞ்சு வைத்து, தைலம் விட்டு, பெயர் எழுதி ஒட்டிக் கொடுத்தாள். அதோடு விடவில்லை, தினமும் இரவு தொலைபேசியில் கூப்பிட்டு, "முகர்ந்தாச்சா?" என்று கேட்பாள். சின்ன வயதில் அவளிடம் நான் "பல் தேய்ச்சாச்சா?" என்று கேட்ட அதே குரல். மகளே, நன்றி. அந்த அதட்டல் மட்டும் இனி போதும்.

முகரும்போது அந்த மணத்தை மனதுக்குள் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது பயிற்சியின் ஒரு பகுதி. இங்கேதான் என் அம்மாவுக்கு நன்றி சொல்கிறேன், அவர் இல்லாவிட்டாலும். நான் குழந்தையாக இருந்தபோது, அவர் சமைக்கிற நேரத்தில் காலைச் சுற்றிக்கொண்டே இருப்பேனாம். என்னைச் சும்மா இருக்கவைக்க, கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூக்கின் கீழே நீட்டுவார். சரியாகச் சொன்னால் அடுத்த டப்பா. பெயர் தெரியாவிட்டால், "எது மாதிரி இருக்கு, அதைச் சொல்லு" என்பார். இத்தனை வருடம் கழித்து, வெறும் காற்று மட்டும் வந்த அந்தக் கிராம்புப் புட்டியின் முன்னால் உட்கார்ந்தபோது, என் கையில் இருந்த ஒரே கருவி அவர் சேர்த்துவைத்த அந்த நினைவுதான்.

அப்புறம் விடுதிச் சமையலறை. வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லப் போனவளை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, "நீங்க நில்லுங்க அக்கா, மோப்பம் நாங்க பிடிச்சுக்கறோம்" என்று சொன்ன தம்பி தங்கைகளே, உங்களுக்கு என்ன சொல்வது? பெரிய சட்டியில் வெங்காயம் வதக்கும்போது நான் எப்போதும் மூக்கை நம்பித்தான் கிளறுவேன். அது போன பிறகு, இளையவன் ஒருவன்தான் காதால் சமைக்கக் கற்றுக்கொடுத்தான். இத்தனைக்கும் என்னிடம் வேலை பழக வந்தவன். வெங்காயத்தில் தண்ணீர் இருக்கும்வரை சத்தம் தடித்து, சளசளவென்று இருக்கும். அதுவரை சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது, நிறமும் மாறாது. தண்ணீர் வற்ற வற்ற ஓசை மெலிந்து, ஓரங்களில் சின்னச் சின்னப் பொரிப்பாக உடையும். அந்த இடத்தில் சுதாரிக்க வேண்டும். அதற்குப் பிறகு நடப்பதுதான் 1912இல் லூயி காமில் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விவரித்த வினை: புரதக் கூறும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் உண்டாக்கும். மணம் எனக்கு வரவில்லை. ஆனால் பக்கத்தில் நின்றவன், "இப்ப பச்சை வாடை போச்சு அக்கா... இப்ப இனிப்பா வருது... இப்ப இறக்குங்க" என்று ஓட்டப்பந்தய வர்ணனைபோல் சொல்லிக்கொண்டே இருந்தான். ஒரு நாள்கூட வெங்காயம் கருகவில்லை.

உப்புப் பார்த்த தங்கைக்கும், காரமும் மொறுமொறுப்பும் மட்டுமே எனக்குப் பிடிபடுகிறது என்று கண்டுபிடித்து என் தட்டில் மட்டும் தனியாக வறுத்த கடலையும் எலுமிச்சைத் துண்டும் வைத்தவளுக்கும் நன்றி. காரம் ஏன் தெரிந்தது என்று பிறகு படித்தேன். அது சுவையே இல்லை, சூடும் வலியும் உணரும் நரம்பின் வேலை. மிளகாய்க்கும் கொதிக்கிற பொருளுக்கும் ஒரே ஏற்பி. அதைக் கண்டறிந்தவர் டேவிட் ஜூலியஸ், 2021இல் நோபல் பெற்றார்களே இருவர், அவர்களில் ஒருவர். நாக்கு எரிந்தபோது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, சாப்பிடுகிறோம் என்று தெரிந்த சந்தோஷம்.

வீட்டுக்காரருக்குத் தனி நன்றி. வாசனை தெரியாதவர் வீட்டில் பெரிய பயம் ருசி அல்ல, எரிவாயு. அதற்கு இயல்பாக வாடை கிடையாது. 1937இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளியில் கசிந்த வாயு யார் மூக்குக்கும் எட்டாமல் சேர்ந்து வெடித்தது. மாணவர்களும் ஆசிரியர்களுமாக ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் வாயுவில் நாற்றம் கலப்பதைச் சட்டமாக்கினார்கள். அந்த நாற்றம் எனக்கு மட்டும் எட்டாது. அடுப்புத் திருகை இரவில் எழுந்து போய்ப் பார்த்தவர் அவர், கசிவு காட்டும் அலாரத்தை வாங்கி வந்தவரும் அவர். அதைப் பொருத்த வந்தவரிடம் நான் சுவரின் மேலே கையைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனம், கீழேதான் தேங்கும்" என்று தரைக்குப் பக்கத்தில் பொருத்திவிட்டுப் போனார். பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை. எங்கிருந்தாலும் நன்றி, ஐயா.

பால் கெட்டதா என்று பார்க்க வேளை கெட்ட வேளையில் கதவைத் தட்டினாலும் முகம் சுளிக்காத பக்கத்து வீட்டு அக்காவுக்கும் நன்றி. பாலை முகர்ந்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதோடு விடாமல், உட்கார்ந்து ஒரு வாய் குடித்தும் காட்டுவார்.

நடுவில் ஒரு மோசமான காலம் வந்தது. வாசனை திரும்பத் தொடங்கியபோது கோணலாகத் திரும்பியது. காபி சாக்கடையாக நாறியது. வெங்காயம், முட்டை, வறுத்தது எதுவும் கிட்டே வர முடியவில்லை. குமட்டிக்கொண்டு வரும். நரம்பு மறுபடி இணைப்பு போடும்போது இப்படிக் குழம்புவதுண்டு, பெரும்பாலும் அது நல்ல அறிகுறி என்றார் மருத்துவர். வீட்டில் அத்தனை பேரும் காபியை வாசலில் நின்று குடித்தீர்கள். மழையிலும். யாரும் அதை ஒரு தியாகமாகச் சொல்லிக் காட்டவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

எலுமிச்சைதான் முதலில் நேராக வந்தது. பிறகு ரோஜா. காபி சமீபத்தில்தான் சமாதானமாயிற்று. பூண்டு மட்டும் இன்னும் முறைத்துக்கொண்டு நிற்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வரும் ஞாயிறு மதியம் எல்லாரும் சாப்பிட வாருங்கள். சமைப்பது நான். பூண்டு போடுகிற ஒன்றை மட்டும் தம்பி பார்த்துக்கொள்ளட்டும். பாத்திரம் துலக்குவது வீட்டுக்காரர்; கேட்டுவிட்டேன், ஒத்துக்கொண்டார்.

நன்றியுடன்,
உங்கள் சமையற்காரி