இலவச வைஃபை தரும் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கடைகளுக்கும் சின்ன அலுவலகங்களுக்கும் ரவுட்டர் மாட்டிக் கொடுப்பதும், அது மக்கர் பண்ணினால் போய்ப் பார்ப்பதும்தான் என் வேலை. அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு கடையில் என் முறை வரக் காத்திருந்தேன். வேலைக்காகப் போகவில்லை, வாடிக்கையாளராகத்தான். கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த தாளில் வைஃபை பாஸ்வேர்ட் இருந்தது. போட்டேன், சேர்ந்துகொண்டது. ஒரு படத்தை அனுப்பப் போகையில் விரல் தவறி 'பிரிண்ட்' மேல் பட, அந்தக் கடையின் பிரிண்டர் பெயர் திரையில் வந்து நின்றது. தொழில் புத்தி சும்மா இருக்குமா? இன்னும் கொஞ்சம் தேடினேன். பில் போடும் கம்ப்யூட்டரும் தெரிந்தது, அதில் 'சம்பளம்' என்று ஒரு ஃபோல்டரும் தெரிந்தது. திறக்கவில்லை. நேராக முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "அதான் பாஸ்வேர்ட் போட்டிருக்கேனே சார்" என்றார்.

எல்லோரும் இங்கேதான் ஏமாறுகிறோம். சுவரில் ஒட்டிய பாஸ்வேர்ட், தெருவில் போகிறவரை வேண்டுமானால் தடுக்கும். உள்ளே வந்துவிட்டவர் உங்கள் பில் கம்ப்யூட்டர், கேமரா, கார்டு மெஷின் எல்லாவற்றோடும் ஒரே நெட்வொர்க்கில்தான் இருக்கிறார். திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டு பீரோ சாவியையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போன மாதிரி.

இதற்குப் பெரிய செலவு கிடையாது. இப்போது வரும் பல ரவுட்டர்களில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று, விருந்தினருக்கென்று தனியாகப் பிரித்த வைஃபை ஒன்று இருக்கிறது. அதற்குத் தனிப் பெயரும் தனி பாஸ்வேர்டும் கொடுங்கள். உள் நெட்வொர்க்கைப் பார்க்க விருந்தினருக்கு அனுமதி உண்டா என்று கேட்கும் இடத்தில் டிக்கை எடுத்துவிடுங்கள். விருந்தினர் ஒருவரையொருவர் பார்க்க முடியாமல் செய்யும் 'ஐசொலேஷன்' இருந்தால் அதையும் போடுங்கள். அப்புறம் உங்கள் ஃபோனையே கெஸ்டில் சேர்த்துச் சோதியுங்கள். பிரிண்டர் தெரிந்தால் பிரியவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு தவறையும் அடிக்கடி பார்க்கிறேன். வாடிக்கையாளருக்கென்று இரண்டாவது ரவுட்டர் வாங்கி, பழைய ரவுட்டருக்குப் பின்னால் செருகிவிட்டு, பிரித்தாயிற்று என்று நிம்மதியாக இருப்பார்கள். பின்னால் இருக்கும் ரவுட்டரில் சேர்ந்தவர், முன்னால் இருக்கும் பழைய ரவுட்டரில் சேர்ந்த கம்ப்யூட்டர்களை எட்ட முடியும். அதாவது பாதுகாக்க வேண்டிய கம்ப்யூட்டரை வழியிலேயே வைத்துவிட்டோம்.

ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்கு நுழையும் பாஸ்வேர்ட் வேறு, வைஃபை பாஸ்வேர்ட் வேறு. முதலாவதை, டப்பாவில் வந்த 'அட்மின்' என்றே விட்டுவைத்தவர்களை எண்ணி மாளாது. பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்கட்டும். டபிள்யூஇபி என்ற பழைய வகையை மட்டும் காட்டினால் அந்த ரவுட்டருக்கு ஓய்வு கொடுங்கள். அந்த வகையை உடைக்கும் வழி 2001லேயே வெளிவந்துவிட்டது.

சரி, "மத்தியானத்துக்கு மேல் யாருக்கும் கனெக்ட் ஆவதில்லை, அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது" என்ற புகாருக்கு வருகிறேன். லைன் கொடுத்தவரைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள். சேரும் ஒவ்வொரு ஃபோனுக்கும் ரவுட்டர் ஓர் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அந்த ஃபோனை அடையாளம் காட்டும் ஓர் எண், கொடுக்கிறது. பல ரவுட்டர்களில் அதன் ஆயுள் 24 மணி நேரம். ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போனவரும் அந்த இடத்தை நாளை வரை பிடித்து வைத்திருக்கிறார். நூறு முகவரிதான் ஒதுக்கியிருந்தால் நூற்றியோராவது ஆளுக்கு இடமில்லை. அணைத்துப் போட்டதும் பல ரவுட்டர்கள் அந்தப் பட்டியலை மறந்துவிடும், அதனால்தான் சரியாகிறது. செட்டிங்ஸில் 'லீஸ் டைம்' என்று இருக்கும் அந்த ஆயுளை ஒரு மணி நேரமாக்குங்கள், அணைத்துப் போடும் வேலை மிச்சம்.

ஒருவரே மொத்த ஸ்பீடையும் உறிஞ்சாதபடி ஆளுக்கு ஓர் அளவு வைப்பது நல்லது. ரவுட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள், பார்க்க அழகாக இல்லாவிட்டாலும்.

கேட்பதற்குச் சங்கடமான ஒன்று: உங்கள் லைனில் வாடிக்கையாளர் தப்பு செய்தால்? பதில் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் ஒரு கடைக்காரர் பாஸ்வேர்டே இல்லாமல் வைஃபையைத் திறந்து விட்டிருந்தார். அது வழியாக யாரோ ஒரு பாட்டை அனுமதியின்றிப் பகிர, வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை போனது. 2016இல் வந்த தீர்ப்பில், கடைக்காரர் நஷ்டஈடு தர வேண்டியதில்லை, ஆனால் பாஸ்வேர்ட் போடும்படி அவருக்கு உத்தரவிடலாம் என்றார்கள். உங்கள் ஊர்ச் சட்டத்தையும், லைன் எடுத்தபோது கையெழுத்துப் போட்ட தாளையும் ஒருமுறை படித்துவிடுங்கள். கடை லைனைப் பிறருக்குப் பகிரக்கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கலாம்.

ஃபோன் நம்பர் கொடுத்தால்தான் வைஃபை என்பது எனக்குப் பிடிக்காது. சட்டம் கேட்டால் வாங்குங்கள், வேறு வழியில்லை. மறுநாளிலிருந்து விளம்பரம் அனுப்புவதற்காக வாங்கினால், பலகையில் இருக்கும் 'இலவச' என்ற சொல்லை அழித்துவிடுங்கள்.

அந்தக் கடைக்குப் போன வாரம் மறுபடி போனேன். கல்லாவுக்குப் பின்னால் பழைய தாள் இல்லை. கெஸ்ட் நெட்வொர்க்கின் பெயரும் ஒரு கியூஆர் கோடும் இருந்தன. சேர்ந்து பார்த்தேன். பிரிண்டர் தெரியவில்லை.

அன்புடன்,
ரவுட்டர் மாட்டும் ஒருவன்