பினோடாஜ் பிறந்தது ஸ்டெல்லன்போஷில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் தென்னாப்பிரிக்கச் சிவப்பு ஒயின்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையை டர்பனில் இருந்து படித்தேன். சுவையாக எழுதப்பட்டிருந்த அக்கட்டுரையில், பினோடாஜ் என்னும் திராட்சை, பினோ நுவார், சிரா என்னும் திராட்சை வகைகளைக் கலந்து பிரான்சில் உருவாக்கப்பட்டது என்ற செய்தி மட்டும் பிழையானது.

தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் திராட்சை வேளாண்மைப் பேராசிரியராக இருந்த ஆபிரகாம் பெரோல்ட், 1925இல் பினோ நுவாரையும் ஹெர்மிடேஜ் எனப்பட்ட வகையையும் இனங்கலந்து, கிடைத்த நான்கு விதைகளைத் தம் வீட்டுத் தோட்டத்தில் ஊன்றினார். குழப்பம் அந்த இரண்டாவது பெயரில்தான் இருக்கிறது. பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கில் ஹெர்மிடேஜ் என்பது ஒரு குன்று. அங்கே சிவப்பு ஒயினுக்கு விளைவது சிரா. ஆனால் ஸ்டெல்லன்போஷ் அடங்கிய கேப் பகுதி விவசாயிகள் அக்காலத்தில் அப்பெயரால் அழைத்தது சின்சோ என்னும் வேறொரு வகையை. இங்குள்ள கடைக்காரர்களே இதில் தடுமாறுவதுண்டு என்பதால் கட்டுரையாளரைக் குறை சொல்ல மாட்டேன். வெயிலுக்கு வாடும் பினோ நுவாரின் நயமும், வெயிலைத் தாங்கிக் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் சின்சோவின் உரமும் ஒரே கொடியில் சேர வேண்டும் என்பதே அம்முயற்சியின் நோக்கம். தாயும் தந்தையும் பிரான்சிலிருந்து வந்தவை, பிள்ளை இந்த மண்ணில் பிறந்தது. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வழிவந்த எங்களுக்கு அந்த வேறுபாடு சிறியதன்று.

பெரோல்ட் பல்கலைக்கழகத்தை விட்டுச் சென்றபின் புதர் மண்டிய அத்தோட்டத்தைத் துப்புரவு செய்ய ஆட்கள் வந்தபோது, நீஹாவுஸ் என்னும் இளம் விரிவுரையாளர் நாற்றுகளைக் காப்பாற்றினார். 1935இல் பேராசிரியர் தெரோன் அவற்றை ஒட்டுக்கட்டி வளர்த்தார். 1941இல் எல்சன்பர்க் வேளாண் கல்லூரியில் முதல் பினோடாஜ் ஒயின் வடிக்கப்பட்டது. பினோடாஜ் என்ற பெயர் புட்டியின் மேல் முதன்முதலாக அச்சேறியது 1961இல், 1959ஆம் ஆண்டு அறுவடையில் செய்த லான்செராக் என்னும் வணிகப்பெயர் கொண்ட ஒயினில். இன்றும் ஸ்டெல்லன்போஷ், பார்ல், ஸ்வார்ட்லாந்து பகுதிகளின் பழைய தோட்டங்களில் இக்கொடியை, நம் கம்பம் பள்ளத்தாக்கில் போலப் பந்தலில் படரவிடாமல், இடுப்பளவு புதராகவே நிறுத்தியிருப்பார்கள்.

கட்டுரையின் உணவுக் குறிப்பு குறித்தும் ஒரு சொல். காரமான ஆட்டுக்கறிக் குழம்புக்குக் கெட்டியான பினோடாஜே ஏற்றது என்று எழுதியிருந்தது. டர்பன் மட்டன் கறியின் மேல் மிதக்கும் செவ்வெண்ணெயைப் பார்த்தவர்கள் இப்படி எழுதத் தயங்குவார்கள். மதுவின் வீரியம் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும். ஓக் பீப்பாயில் நாள்பட இருந்த ஒயினின் துவர்ப்பு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கறிக்குழம்புக்கு, பழச்சுவை மேலோங்கிய இளம் பினோடாஜைச் சற்றுக் குளிரவைத்துக் குடிப்பதே பொருந்தும். கெட்டியான வகையை, வார இறுதியில் கரியடுப்பில் வாட்டும் ஆட்டு விலாவுக்கும், கேப் மலாய் மக்களின் இனிப்பும் மசாலாவும் கலந்த பொபோட்டி என்னும் கொத்துக்கறிப் பண்டத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். புளி கரைத்த மீன் குழம்புடன் எந்தப் பினோடாஜும் சேராது, வாயில் இரும்பு நக்கியது போல இருக்கும். (புரட்டாசியில் எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கே இடமில்லை.)

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்ற அறிவுரையும் ஐரோப்பியக் குளிர்வீடுகளுக்கு உரியது. டர்பனின் சனவரி மாதப் புழுக்கத்திலும் சென்னையின் சித்திரையிலும் புட்டியைக் குளிர்பெட்டியில் வைத்து, 16 பாகை செல்சியசு அளவில் ஊற்றினால்தான் அதன் மணம் தெரியும்.

அடுத்த இணைப்பில் பினோடாஜின் பிறப்பிடத்தையும் பெற்றோரையும் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சாட்ஸ்வர்த், டர்பன்