மறந்தது நாங்களா?

ஐயா,

மானிடவியலாளர் வாலண்டைன் டேனியல் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இலங்கையில் பிறந்து, சிகாகோவில் முனைவர் பட்டம் பெற்று, கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனவர். பெருமைதான். 1983-ல் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் பாட்டுகளைச் சேகரிக்கப் போனவருக்கு, அங்கே தமிழர்களுக்கு எதிராக நடந்த ஜூலைக் கலவரத்தால் வன்முறையைப் பற்றி எழுத நேர்ந்ததையும் கட்டுரையாளர் ஒழுங்காகவே சொல்லியிருக்கிறார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ‘இவரைப் போன்றவர்கள் எழுதாமல் போயிருந்தால் மலையக மக்கள் தங்கள் கதையையே மறந்திருப்பார்கள்’ என்று ஒரு வரி. அந்தப் பேராசிரியரே படித்தால் கூசிப்போவார்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழிவந்த மலையகத்தார் நாங்கள். எங்களை மறக்க யார் விட்டார்கள்? 1948-ல் இலங்கையில் குடியுரிமை இல்லை என்றார்கள். 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமென்று வைத்து, 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதி. சந்தையில் ஆடு வாங்குகிறவன்கூட ஆட்டைத் தொட்டுப் பார்ப்பான். இங்கே எங்கள் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமானிடம்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. தங்களுக்குத் தெரியாததா இது? தெரிந்தும் அந்த வரியை எப்படி விட்டீர்கள்?

தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் குடும்ப அட்டையோடு வரிசையில் நின்றவர்கள் நாங்கள். பெரியம்மா குடும்பத்துக்கு அங்கே பிரஜாவுரிமை, எங்களுக்கு இந்தியா. அக்கா தங்கை இருவரும் சாகும்வரை பார்த்துக்கொள்ளவே இல்லை. அங்கே இருந்தவரை, திருட்டுத்தனமாகப் படகேறி வந்தவர்கள் என்ற பொருளில், கள்ளத்தோணி என்றார்கள். இங்கே அரசுத் தேயிலைத் தோட்டத்தில் ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்தும் சிலோன்காரங்கதான். மகனுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனபோது, "உங்க ஊர்ல போய் வாங்குங்க" என்றார் ஓர் அலுவலர். எந்த ஊர்ல சார் என்று கேட்டேன். ஃபைலை மூடிவிட்டார்.

ஆராய்ச்சி என்று வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன் (டேனியலைச் சொல்லவில்லை). ஒருவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, அம்மாவின் தாலாட்டையும் ஒப்பாரியையும் மணிக்கணக்கில் ரெக்கார்ட் செய்துகொண்டு போனார். கேசட் அனுப்புவதாகச் சொன்னார். அம்மா போனபிறகு, அந்தக் குரலையாவது கேட்கலாமே என்று எழுதிப் பார்த்தேன். பதில் இல்லை. அவருக்குப் பட்டம் கிடைத்துவிட்டதாகக் கேள்வி. மக்களின் நினைவுகளைப் பற்றிய ஆய்வாம்! சிரிப்பதா அழுவதா?

கட்டுரையோடு ஒரு படமும் போட்டிருக்கிறீர்கள். ‘நுவரெலியாவில் கொழுந்து பறிக்கும் பெண்கள்’ என்று கீழே அச்சாகியிருக்கிறது. நுவரெலியா இலங்கையில் இருக்கிறது. ஆனால் அவர்களுக்குப் பின்னால் நிற்கிற பஸ்ஸில் ‘தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்’ என்று எழுதியிருப்பது கண்ணாடி போடாமலே எனக்குத் தெரிகிறது. ஆசிரியர் குழுவில் ஒருவர் கண்ணிலும் படவில்லை போலும்.

கட்டுரையின் வரியைத் திருத்தும்படி நான் கேட்கவில்லை. கற்றவர்கள் எழுதியது, இருக்கட்டும். படத்தின் கீழே உள்ள ஊர்ப் பெயரையாவது அடுத்த இதழில் நீலகிரி என்று மாற்றிப் போடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பந்தலூர், நீலகிரி மாவட்டம்.