வரிசையை முந்த அல்ல, வரிசையில் இருக்க இடம் கேட்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

கடந்த பாடசாலை விடுமுறையில் திருகோணமலையிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வான் பிடித்துக்கொண்டு கொழும்புப் பக்கத்துக் கேளிக்கைப் பூங்காக்களுக்குப் போய் வந்தன. நாங்களும் போனோம். தரம் ஒன்றில் படிக்கும் என் மகள்வழிப் பேரன் அன்று பட்ட பாட்டையும், அதன் பிறகு நான் விசாரித்து அறிந்தவற்றையும் எழுதினால், எளிதில் களைத்துப் போகும் பிள்ளைகளை வைத்திருக்கும் மற்றக் குடும்பங்களுக்கும், பூங்கா நடத்துபவர்களுக்கும், சுற்றுலா ஒழுங்கு செய்யும் பாடசாலைகளுக்கும் உதவும் என்ற எண்ணத்தில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பேரனுக்குப் பிறவியிலேயே மூட்டுகள் தளர்வு. தசைகளின் இறுக்கமும் குறைவு. பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. ஓடுவான், பந்தடிப்பான், டச்பேயில் கடலில் இறங்கினால் கரைக்கு வர மறுப்பான். ஆனால் தளர்ந்த மூட்டுகளைப் பிடித்து நிறுத்தும் வேலையையும் தசைகளே செய்ய வேண்டியிருப்பதால், சும்மா நிற்பதுகூட அவனுக்கு ஓர் உழைப்பு. நடப்பதைவிட நிற்பதுதான் அவனை விரைவில் களைக்க வைக்கிறது என்பதை எங்கள் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) சொல்லும் வரை நாங்களும் அறிந்திருக்கவில்லை. சோம்பல் என்றும் பிடிவாதம் என்றும் நினைத்து அவனை நானே கண்டித்திருக்கிறேன். முப்பது வருடங்கள் ஆரம்பப் பிரிவில் படிப்பித்தவள் நான். வகுப்பில் மேசையில் சாய்ந்து சாய்ந்து எழுதிய எத்தனை பிள்ளைகளை "நிமிர்ந்து இரு" என்று அதட்டியிருப்பேன் என்பதை இப்போது நினைத்தால் மனம் நோகிறது.

நாங்கள் போனது எல்லோரும் போவது போலத்தான். இரவு பத்து மணிக்கு வான் புறப்பட்டது. ஏறத்தாழ 260 கிலோமீற்றர் ஓட்டம். விடியும்போது வழியில் நிறுத்தி முகம் கழுவி, தேநீர் குடித்து, பூங்கா திறக்கும் நேரத்துக்கு வாசலில் நின்றோம். பேரன் இரவு முழுவதும் தாயின் மடியில் விட்டுவிட்டுத்தான் தூங்கியிருந்தான். அவனுக்கென்று கொண்டு போன தள்ளுவண்டியை வாசலில் நின்றவர் உள்ளே விட மறுத்தார். "பிள்ளை நல்லா நடக்கிறானே, இது கைக்குழந்தைகளுக்குத்தானே" என்றார். மகள் விளக்க முயன்றாள். பின்னால் கூட்டம் நெருக்கவே, வண்டியை வானிலேயே வைத்துவிட்டு உள்ளே போனோம்.

பதினொரு மணியளவில், ஒரு சிறிய ரயில் விளையாட்டுக்கான வரிசையில் வெயிலில் நின்றோம். அவன் களைப்பது எப்படி என்று வீட்டில் இருக்கும் எங்களுக்குத் தெரியும்: முதலில் பேச்சுக் குறையும், பிறகு நாம் பிடித்திருக்கும் கை பாரமாகும், அதன் பிறகு முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்ட, பாதங்கள் உட்பக்கம் சரியும். அன்று இந்த மூன்றும் பத்து நிமிடத்துக்குள் வந்தன. சுடும் சீமெந்துத் தரையில் அப்படியே குந்திவிட்டான். "அம்மம்மா, என்ர கால் முடிஞ்சு போச்சு" என்றான். பின்னால் நின்ற ஒருவர் "எழும்பு தம்பி, வரிசை நகருது" என்றார். இன்னொருவர், செல்லம் கொடுத்துப் பழுதாக்கினால் இப்படித்தான் என்று எங்களுக்குக் கேட்கும்படியே சொன்னார். மகளின் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

அப்போது அந்த விளையாட்டை இயக்கிக்கொண்டிருந்த இளைஞர்களில் ஒருவர், தான் இருந்த பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கி வந்து வைத்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. வரிசை நகர நகரப் பேரனின் தமக்கை கதிரையை நகர்த்தினாள். அவன் இருந்து இருந்து முன்னே போனான். தன் முறை வந்தபோது எழுந்து, சிரித்துக்கொண்டே ரயிலில் ஏறினான். யாருடைய இடத்தையும் அவன் எடுக்கவில்லை, யாரும் ஒரு நிமிடமாவது கூடுதலாகக் காத்திருக்கவுமில்லை. அந்தத் தம்பியின் பெயரைக் கேட்டு வைக்காதது என் மனதில் இன்றும் குறையாகவே இருக்கிறது.

இத்தகைய பிள்ளைகளுக்கு உதவுவது என்றாலே வரிசையை முந்த விடுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதனால்தான் எரிச்சலும் எழுகிறது. ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கை தன் பேரப்பிள்ளைகளுடன் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள வோல்ட் டிஸ்னி வேர்ல்டுக்குப் போய் வந்தவள். அங்குள்ள நடைமுறையை அவளிடம் கேட்டறிந்தேன். வழமையாகத் தள்ளுவண்டிகளை விளையாட்டுகளுக்கு வெளியே நிறுத்திவிட வேண்டும். ஆனால் நிற்கவோ நெடுந்தூரம் நடக்கவோ இயலாத பிள்ளையென்றால், விருந்தினர் சேவைப் பகுதியில் கேட்டு வண்டியில் ஓர் அட்டை கட்டிக்கொள்ளலாம். அந்த அட்டை இருந்தால் தள்ளுவண்டியைச் சக்கர நாற்காலியாகவே கருதி வரிசைக்குள் விடுவார்கள். 31 அங்குல அகலத்துக்கும் 52 அங்குல நீளத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை மட்டும் பூங்காவுக்குள்ளேயே அனுமதிப்பதில்லை. வெளியில் காத்திருந்து அழைப்பு நேரத்துக்கு வரும் வேறொரு சலுகையும் அங்கு 2013 முதல் இருக்கிறது. 2024இல் அதை இறுக்கி, முக்கியமாக ஓட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடுகளால் வரிசையில் நெடுநேரம் காத்திருக்க முடியாதவர்களுக்கென்று வரையறுத்துவிட்டார்கள். கால் களைக்கும் பிள்ளைக்கு அங்கும் கிடைப்பது இருக்கை ஒன்றுதான். அது போதும் என்பதை அந்தப் பிளாஸ்டிக் கதிரையில் நான் கண்ணால் கண்டேன்.

இதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. வரிசை வளைந்து போகும் இடங்களில் நிழலும், இரண்டு மூன்று வாங்குகளும், வாசலில் ஐந்தாறு தள்ளுவண்டிகளும் சக்கர நாற்காலிகளும், "வயதைப் பார்த்து மறுக்க வேண்டாம், பெற்றோர் சொல்வதைக் கேளுங்கள்" என்று ஊழியர்களுக்கு ஓர் அறிவுறுத்தலும் இருந்தாலே போதுமானது. இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், பொதுக் கட்டடங்களின் அணுகு வசதிக்கான 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளும் இருக்கின்றன. நம் நாடு 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை பிள்ளையின் ஓய்வுக்கான உரிமையையும் விளையாட்டுக்கான உரிமையையும் ஒரே இடத்தில் சேர்த்துச் சொல்கிறது. ஓய்வு இல்லாமல் என் பேரனால் விளையாட முடியாது என்பதால், அந்த உறுப்புரை அவனுக்காகவே எழுதப்பட்டது போல எனக்குத் தோன்றுகிறது.

குடும்பங்களாகிய நாங்கள் மாற்றிக்கொள்ள வேண்டியவையும் உண்டு. முதற் பிழை அந்த இரவுப் பயணம். ஒரு நாள் தங்கும் செலவை மிச்சம் பிடிப்பதற்காக இரவிரவாக ஓடிப்போய், பகல் முழுவதும் சுற்றிவிட்டு, அன்றிரவே திரும்புவதுதான் நம் ஊரின் வழக்கம். நல்ல உடல்நிலையிலுள்ள பிள்ளைக்கே அது கடினம். களைக்கும் பிள்ளை வாசலிலேயே பாதிப் பலத்தை இழந்துவிடுகிறது. அடுத்த முறை வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் ஓர் இரவு தங்கி, பிள்ளை நன்றாக உறங்கி எழுந்த பிறகே போவதென்று முடிவு செய்திருக்கிறோம்.

அடுத்தது, களைத்த பிறகு ஓய்வு கொடுப்பதல்ல, களைக்கும் முன்னரே கொடுப்பது. இதை இயன்மருத்துவர் எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். நாங்கள்தான் பிள்ளை துள்ளித் திரியும்போது எதற்கு இருத்த வேண்டும் என்று விட்டுவிடுவோம். இப்போது கோணேசர் கோவிலுக்குப் போகும்போது பழகி வருகிறோம். முன்பெல்லாம் கோட்டை வாசலில் இறங்கி ஒரே மூச்சில் மேலே ஏற முயல்வோம். பாதி வழியில் யாராவது அவனைத் தூக்க வேண்டும். இப்போது வாசலுக்கு உட்பக்கம் மான்கள் நிற்கும் மரநிழலில் ஒரு தரம், ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஒரு தரம், கடைகளைக் கடந்ததும் ஒரு தரம் என்று, அவன் கேட்காமலேயே இருத்தி, இரண்டு மிடறு தண்ணீர் கொடுக்கிறோம். போன வெள்ளிக்கிழமை தன் காலாலேயே ஏறிப்போய் இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவை எட்டிப் பார்த்தான். தண்ணீர்ப் போத்தலைத் தானே சுமந்து வந்தான் என்பதையும் ஒரு பாட்டியின் பெருமையாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

பூங்காவிலும் இதே முறையைக் கையாளலாம். திறந்தவுடன் போய், ஆசைப்பட்ட இரண்டு மூன்று விளையாட்டுகளைக் காலையிலேயே முடித்துவிட்டு, பதினொரு மணி முதல் மூன்று மணி வரை நிழலில் சாப்பிடவும் படுக்கவும் விட வேண்டும். சிறு பிள்ளையின் உடல் பெரியவர்களின் உடலைவிட விரைவாகச் சூடேறும், வியர்ப்பதும் குறைவு. கச்சான் என்னும் வெப்பக் காற்றில் வளர்ந்த நம் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்ல. நீர்ச் சறுக்குகளைப் பற்றி ஒரு சொல்: சறுக்கி வருவது களைப்பில்லை, ஒவ்வொரு முறையும் ஏறிப்போக வேண்டிய மாடிப்படிதான் களைப்பு. ஆழம் குறைந்த குளத்தில் தண்ணீரே உடலைத் தாங்குவதால் பேரன் அங்குதான் நெடுநேரம் மகிழ்ந்திருந்தான். செருப்பைவிடக் குதியை இறுகப் பிடிக்கும் சப்பாத்து நல்லது. ஆறு வயதில் தள்ளுவண்டியா என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். நடக்கத் தெரியாததற்காக அல்ல, மாலை வரை நடப்பதற்காகத்தான் அந்த வண்டி. மூத்த பிள்ளையையும் மறந்துவிடக் கூடாது. பெரியவர்களில் ஒருவர் சின்னவனோடு நிழலில் இருக்க, மற்றவர் மூத்தவளோடு போய் வந்து, பிறகு முறை மாறிக்கொண்டால், அவளுடைய நாளும் வீணாகாது.

முன்பு நன்றாக ஓடியாடிய பிள்ளை புதிதாகக் களைக்கத் தொடங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, வெளிறிப் போனாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, சுற்றுலாத் திட்டத்தை ஒத்திவைத்துவிட்டு முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரத்தச்சோகை, ஆஸ்துமா, இருதயக் கோளாறு ஆகிய மூன்றுமே வெறும் களைப்பாகத் தலைகாட்டக் கூடியவை.

இறுதியாகப் பாடசாலைகளிடம் ஒரு வேண்டுகோள். சுற்றுலாவுக்கு முன் பெற்றோரிடம் வாங்கும் சம்மதக் கடிதத்தில், "பிள்ளை எளிதில் களைக்குமா? எவ்வளவு நேரம் நிற்க முடியும்?" என்ற ஒரு வரியைச் சேருங்கள். அதற்கு ஆம் என்று எழுதும் பெற்றோரின் பிள்ளையை வீட்டில் விட்டுப் போவதற்காக அல்ல. பேருந்தில் ஒரு மடக்குக் கதிரையை ஏற்றிச் செல்வதற்காக. அடுத்த வருடம் பேரன் தரம் இரண்டுக்குப் போகிறான். வகுப்புச் சுற்றுலாவுக்குத் தன்னையும் கூட்டிப் போவார்களா என்று இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டான்.

இப்படிக்கு,
இளைப்பாறிய ஆசிரியை ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.