படத்தோட முதுகையும் கொஞ்சம் காட்டுங்க

அமெரிக்காவுல மியூசியம் நடத்துற டைரக்டர்கள், க்யூரேட்டர்கள், ஸ்டோர் ரூம் சாவி வச்சிருக்கிற ரெஜிஸ்ட்ரார்கள் எல்லாருக்கும் வணக்கம்.

விஷயத்த முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் கோவத்துல விட்டுப்போயிடும். உங்ககிட்ட இருக்கிற அந்தக்கால நாட்டுப்புற போர்ட்ரெய்ட் (முறையா கத்துக்காத ஓவியர்கள் வரைஞ்ச முகப்படம்) ஒவ்வொண்ணோட பின்பக்கத்தையும் தெளிவா ஒரு போட்டோ எடுங்க. அது யார் வீட்ல இருந்துச்சு, யாரு யாருக்கு வித்தாங்க, எந்த எக்ஸிபிஷனுக்கு எப்ப போச்சு, எத்தன வருஷம் இருட்டுல கெடந்துச்சுன்னு நாலு வரி எழுதுங்க. ரெண்டையும் படத்துக்குப் பக்கத்துலயே மாட்டுங்க. அவ்ளோதான் கேக்கறேன்.

ஏன் இவ்ளோ சூடுன்னா, போன மாசம் நடந்தது. பேரு வேணாம், சின்ன ஊரு, சின்ன மியூசியம். அங்க ஒரு குழந்தை படம் இருக்கு, ஒரு கால்ல ஷூ, இன்னொரு ஷூ கையில. அப்பல்லாம் செத்துப்போன குழந்தைய வரைஞ்சா அப்படி வரையறது உண்டும்பாங்க, அது தெரிஞ்சதுலேந்து எனக்கு அந்த முகம் மனசுலேந்து போகவே இல்ல. லேபிள்ல என்ன இருக்கு? ஓவியர் தெரியாது, குழந்தை யாருன்னு தெரியாது, சுமார் 1835, பேர் சொல்ல விரும்பாதவரோட அன்பளிப்பு. மூணு மெயில் போட்டேன், எட்டு மாசம் கழிச்சு ஃபைல பாக்கலாம், வெள்ளிக்கிழமை மட்டும், பேனா கூடாது பென்சில்தான், போட்டோ எடுக்கக் கூடாதுன்னு பதில் வந்துச்சு. சரின்னு லீவு போட்டு மூணு மணி நேரம் கார் ஓட்டிட்டுப் போனேன். ஃபைலுக்குள்ள மொத்தம் நாலு பேப்பர். அதுல ஒண்ணு படத்தோட பின்பக்கத்து ஜெராக்ஸ், ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து எடுத்து தார் ஊத்தின மாதிரி ஒரே கறுப்பு. ஓரத்துல ஒரு ஸ்டிக்கர், அதுல பாதி நம்பர். அதுக்குக் கீழ கையெழுத்துல ஏதோ ஒரு வரி, முதல் எழுத்து 'எம்' மாதிரி இருக்கு, அப்புறம் கறுப்பு. நல்ல போட்டோ இல்லீங்களான்னு கேட்டேன். "இருக்கு, கம்ப்யூட்டர்ல இருக்கு, ஆனா வெளியாளுக்குக் காட்டற பாலிசி இல்ல"ன்னாங்க. அந்தப் பொண்ணு மேல தப்பில்ல, பாவம், அது சிரிச்சுட்டேதான் சொல்லுச்சு. நானும் சிரிச்சுட்டே பென்சில பைல போட்டுட்டு கெளம்பிட்டேன்.

உங்களுக்குத் தெரியாததா நான் சொல்லப்போறேன்? ஆமி ஃபிலிப்ஸ் கதைய நீங்களே எத்தன தடவ சொல்லியிருப்பீங்க. 1788ல கனெக்டிகட்ல பொறந்தவர், நியூயார்க், மாசசூசெட்ஸ், கனெக்டிகட் எல்லையோரமா ஊர் ஊராப் போய் அம்பது வருஷம் முகம் வரைஞ்ச மனுஷன். அவரோட ஆரம்பகாலப் படமெல்லாம் 'பார்டர் லிம்னர்'னு (லிம்னர்னா முகம் வரையறவர்) பேர் தெரியாத ஒருத்தர் கணக்குல, 1830கள்ல வரைஞ்சதெல்லாம் 'கென்ட் லிம்னர்'னு இன்னொருத்தர் கணக்குல போச்சு. கனெக்டிகட்ல இருக்கிற கென்ட் ஊர்க்காரங்க 1924ல பரண்ல கெடந்த தாத்தா பாட்டி படத்தையெல்லாம் கொண்டாந்து காட்சிக்கு வச்சாங்களே, அதுலேந்து வந்த பேரு அது. ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்னு எப்படித் தெரிஞ்சுது? பார்பரா, லாரன்ஸ் ஹோல்ட்ரிட்ஜ்னு ஒரு தம்பதி 1950கள் கடைசில ஒரு படம் வாங்கித் திருப்பிப் பாத்தாங்க, பின்னாடி ஃபிலிப்ஸ் பேரு இருந்துச்சு. அங்கேந்து நூல் புடிச்சுப் போனாங்க. அந்தம்மா ஒண்ணும் மியூசியம் ஆளு கூட இல்ல, கவிஞர்கள் படிக்கறத ரெக்கார்டு போட்டு வித்த கம்பெனிய ஆரம்பிச்சவங்க. அவங்ககிட்டயும் வெளியாளுக்குப் பாலிசி இல்லன்னு சொல்லியிருந்தா, 1998ல ஸ்டாம்ப்லயே வந்துச்சே, செவப்பு கவுன் போட்டு வெள்ளப் பூனைய மடில வச்சிருக்கிற பொண்ணு, அது இன்னமும் 'கென்ட் லிம்னர்' வரைஞ்சதாத்தான் இருந்திருக்கும். (அந்தப் பொண்ணு பேரு இன்னும் யாருக்கும் தெரியாது, அது தனி வருத்தம்.)

பழைய கான்வாஸ் தொய்ஞ்சு போனா பின்னாடி புதுத் துணி ஒட்டிடறாங்க, அதோட எழுத்தெல்லாம் உள்ள போயிடுது. அது படத்தக் காப்பாத்த செய்யறது, ஒத்துக்கறேன். இன்னும் துணி ஒட்டாம தப்பிச்சு நிக்கறத ஏன் செவுத்துப் பக்கம் திருப்பி ஒளிச்சு வைக்கணும்?

பெலிஸேர் படத்தையும் சொல்லாம இருக்க முடியல. நியூ ஆர்லியன்ஸ்ல சுமார் 1837ல வரைஞ்சது, ழாக் அமான்ஸ்ங்கிற பிரெஞ்சுக்காரர் கைன்னு சொல்றாங்க. அவர் முறையா கத்துக்கிட்ட ஓவியர், நாட்டுப்புற வகை இல்ல, ஆனா பட்ட பாடு ஒண்ணுதான். ஃப்ரே வீட்டுக் குழந்தைங்க மூணு பேரு, அவங்களுக்குப் பின்னாடி கையக் கட்டிட்டு மரத்துல சாஞ்சு நிக்கிற பையன் பெலிஸேர், அந்தக் குடும்பம் விலைக்கு வாங்கின அடிமை. 1900 வாக்குல யாரோ அவன் மேல பெயின்ட் அடிச்சு ஆகாசமாவும் மரமாவும் ஆக்கிட்டாங்க. 1972ல படம் நியூ ஆர்லியன்ஸ் மியூசியத்துக்கு வந்துச்சு, முப்பது வருஷத்துக்கு மேல ஸ்டோர் ரூம்ல கெடந்துச்சு, 2005ல ஏலத்துக்குப் போயிடுச்சு. அந்தப் பையனோட உருவம் பெயின்டுக்கு அடிலேந்து நிழல் மாதிரி தெரிஞ்சுட்டேதான் இருந்துச்சாம்! அப்புறம் வாங்கினவர் பெயின்ட்ட எடுத்தாரு, ஜெரமி சிமியன்னு ஒரு சேகரிப்பாளர் அதத் தேடிப் புடிச்சு வாங்கினாரு, கேட்டி ஷானன்னு ஒரு வரலாற்று ஆய்வாளர் பழைய பதிவையெல்லாம் தோண்டி அவன் பேரக் கண்டுபுடிச்சாங்க. 2023ல மெட்ரோபாலிடன் மியூசியம் வாங்கிச்சு. வேல பாத்தது பூரா வெளியாளுங்கதான், கவனிச்சீங்களா?

ஆனா ஒண்ணு, காசு குடுத்தவர் பேரு மட்டும் உங்க ஊர்ல எங்கயும் காணாமப் போறதில்ல. ஹாலுக்கு ஒரு பேரு, படிக்கட்டுக்கு ஒரு பேரு, நான் போன எடத்துல லிஃப்ட்டுக்குள்ள கூட பித்தளைத் தகடு. எங்க ஊர் கோயில் டியூப்லைட்டுல 'உபயம்' எழுதி வெளிச்சத்தையே மறைப்பாங்க, அதான் ஞாபகம் வந்துச்சு. லிஃப்ட்டு யாரு குடுத்ததுன்னு தெரியுது, செத்துப்போன குழந்தைய நூத்தம்பது வருஷம் யாரு வீட்ல வச்சுப் பாத்துட்டிருந்தாங்கன்னு கேட்டா பாலிசி. கீழ கடைல அதே குழந்தை முகம் போட்ட காபி மக்கு மட்டும் கெடைக்குது.

சரி, கோவப்பட்டுட்டேன், மன்னிச்சுக்கங்க. ஆளு கம்மி, பட்ஜெட் கம்மின்னு தெரியும், எல்லாத்தையும் ஒரே நாள்ல கேக்கல. பேரு தெரியாத குழந்தைங்க படத்துலேந்து ஆரம்பிங்க. கம்ப்யூட்டர்ல ஏற்கனவே கெடக்குற போட்டோவ பிரின்ட் எடுத்து ஒட்டறதுக்கு எவ்ளோ ஆகப்போகுது? பாக்க வர்ற யாரோ ஒருத்தர் "அய்யோ இது எங்க பாட்டி கையெழுத்து"ன்னு சொல்லலாம், இல்ல அந்தப் பாதி நம்பர வச்சு எந்த ஏலம்னு கண்டுபுடிக்கலாம். தயவுசெஞ்சு பின்பக்கத்தக் காட்டுங்க.

ஏப்ரல்ல மறுபடி லீவு போட்டு வர்றேன். வெள்ளிக்கிழமைதான். பென்சில் நானே கொண்டாறேன்.