ஒரே சாலை, இரண்டு நிலவரம்

ஐயா,

ஐ.டி. கம்பெனிகள் வந்ததும் சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள துரைப்பாக்கத்தில் அடுக்குமாடிகள் எழும்பின, வாடகை எகிறியது. கூப்பிடு தூரத்தில் உள்ள கண்ணகி நகரில் அது நடக்கவில்லை. காரணம், நிலம் யார் பேரில் இருக்கிறது என்பதுதான். துரைப்பாக்கத்தில் பட்டா நிலம். பில்டர் வந்தால் கைமாறும். கண்ணகி நகரில், 2000 வாக்கில் நகருக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் குடிசை மாற்று வாரியம் கொண்டுவந்து குடியமர்த்திய சின்னச் சின்ன ஒதுக்கீட்டு வீடுகள். கிரயப் பத்திரம் இல்லாத வீட்டை யார் வாங்குவார்? அப்புறம், முகவரியைச் சொன்னாலே வேலை கொடுப்பவர் முகம் மாறுகிறது. சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள், நன்றாகத்தான் இருக்கின்றன. பத்திரத்தை அல்லவா முதலில் கொடுத்திருக்க வேண்டும்? கொடுத்தால் விற்றுவிட்டுப் போய்விடுவார்கள் என்பார்கள். சரி, போகட்டுமே. விற்ற காசாவது அவர்கள் கையில் இருக்கும்.

- ஒரு வாசகர், சென்னை